வலது பின்சக்கரத்தில் ஒரு திருகாணி

ரேஸ் டிராக்கில் கார் ஓட்டப் பதிவு செய்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்கள் இருந்தபோது, புதன்கிழமை மாலை வழக்கம்போல் நான்கு டயர்களின் காற்றையும் அளந்தேன். முந்தைய இரவிலிருந்து கார் நகரவே இல்லை என்பதால் டயர்கள் முழுவதும் குளிர்ந்திருந்தன. அப்படி அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. மூன்று சக்கரங்கள் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காட்டின. வலது பின்சக்கரம் 29 காட்டியது. அளவுமானியின் மேல் பழியைப் போட்டு மீண்டும் ஒருமுறை அளந்தேன், மறுபடியும் 29. பத்து நாள்களுக்கு முன் நான்கையும் ஒரே அளவில் நிரப்பியது நான்தான். ஆகவே 4 பி.எஸ்.ஐ. எங்கோ போயிருக்கிறது, அது போன வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, கைவிளக்கை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றினேன். பாதிச் சுற்று முடிவதற்குள் அகப்பட்டது. டயரின் வெளி ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, ஒரு பட்டனின், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டியின், நடுவே, திருகாணி ஒன்றின் தலை பதிந்திருந்தது. சாலையில் உரசி உரசி அது புதுக் காசுபோல் பளபளத்தது. தலையில் இருந்த கூட்டல் குறிப் பள்ளம் பாதி தேய்ந்து, மீதியில் மண் அடைத்திருந்தது. அந்த அளவுக்குத் தேய வேண்டுமானால் அது நேற்றோ இன்றோ ஏறியதாக இருக்க முடியாது. சென்ற வாரம் நெடுஞ்சாலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டி வந்ததெல்லாம் இந்தத் திருகாணியின் மேல்தான் என்று உறைத்தபோது வயிற்றில் லேசாக ஏதோ புரண்டது.

இப்படி ஒன்றைக் கண்டதும் கட்டிங் பிளேயரை எடுத்து இழுத்துப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். இழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வரை அந்தத் திருகாணியே தன் ஓட்டைக்கு ஒரு மூடியாக இருக்கிறது. வெளியே வந்துவிட்டால் பத்து நாளில் இறங்கிய காற்று பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம், அப்புறம் டயர் கடை வரை காரைக் கொண்டுபோவதே பெரும்பாடாகிவிடும். இன்னொன்று, குத்தியிருப்பதெல்லாம் பஞ்சர் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புது டயரில் பட்டனின் ஆழமே 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குக் கீழேயும் ரப்பர் உண்டு. குட்டையான ஆணியோ கூரான கல்லோ அந்த ரப்பருக்குள்ளேயே நின்றுவிட்டால் காற்று போவதில்லை. ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, காற்று இந்த இடத்தில்தான் கசிகிறதா என்பதே.

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, தெளிப்பானில் ஊற்றி, திருகாணியின் தலையைச் சுற்றி நன்றாக நனைத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அரை நிமிடம் கழித்துத் தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து, ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை நுரையாகத் திரண்டன. கசிவு இங்கேதான். இருந்தாலும் அத்தோடு விடாமல் வால்வின் வாயிலும், அதன் ரப்பர் அடியிலும், டயர் ரிம்மைக் கவ்வும் விளிம்பு முழுவதிலும் தெளித்துப் பார்த்தேன். ஒரு குற்றவாளி கிடைத்ததும் விசாரணையை முடித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் ஒருமுறை பஞ்சர் ஒட்டிய டயர் மறுநாளும் இறங்கியிருந்ததைப் பார்த்து விழித்திருக்கிறேன். அன்றைக்கு உண்மையான கசிவு ரிம்மின் விளிம்பில் படிந்திருந்த துருப்பொடியில் இருந்தது.

என் காரின் டிக்கியில் பஞ்சர் ஒட்டும் பெட்டி எப்போதும் இருக்கும். ரம்பப் பல் கொண்ட ஊசியால் ஓட்டையைக் குடைந்து, பசை தோய்ந்த ரப்பர் திரியை அதில் செருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் 15 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்படித் திரி போட்ட டயர்களில் சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட எந்தத் திரியும் என்னைக் கைவிட்டதில்லை. ஆகவே புதன்கிழமை இரவு என் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. திரியைப் போடுவோம், இரண்டு நாள் காற்று நிற்கிறதா என்று பார்ப்போம், நின்றால் ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றுதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காற்று நின்றால் போதும் என்பது சாலையில் ஓட்டுகிறவனின் அளவுகோல். டிராக்கில் அந்த டயர் எதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது எனக்குத் தெளிவானது.

என் டயரின் அளவு 225/45 ஆர்17. அதன் விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 28 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் டயரின் வெளிவட்டத்தில் இருக்கும் எந்தப் பொருளையும், அதன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு விசை வெளிநோக்கி இழுக்கிறது. அதாவது ஒரு கிராம் ரப்பர் திரி, ஒரு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற இழுப்பைத் தாங்க வேண்டும். அந்த இழுப்பு சீராக இருந்தாலும் பரவாயில்லை. திரி இருக்கும் இடம் தரையைத் தொட்டுத் தட்டையாகும் கணத்தில் இழுப்பு மறைந்துபோகிறது, காரின் எடை அதை உள்நோக்கி அமுக்குகிறது, தரையை விட்டதும் மறுபடி இழுப்பு. இதெல்லாம் ஒரு வினாடியில் 28 முறை. வளைவில் பக்கவாட்டு விசையும் சேர்ந்துகொண்டால், ஓட்டையைச் சுற்றியுள்ள பட்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து அந்த ஓட்டையையே இழுத்து நீள்வட்டமாக்குகிறது. பசையின் பிடிமானத்தை மட்டுமே நம்பி நிற்கும் திரிக்கு இவ்வளவு வேலை கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

திரி பிடுங்கிக்கொண்டு போவதைக்கூட இரண்டாவது கவலை என்றுதான் சொல்வேன். முதல் கவலை, கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியைப் பற்றியது. ரேடியல் டயரில் பட்டனுக்குக் கீழே பெரும்பாலும் நைலான் அடுக்கு ஒன்று இருக்கும். அதன் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடப்பட்ட இரண்டு எஃகுக் கம்பி அடுக்குகள். அதற்கும் கீழே டயரின் உடலான நூலிழை அடுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே, காற்றை வெளியே விடாமல் காக்கும் பியூட்டைல் வகை ரப்பர் லைனர். திருகாணி இத்தனையையும் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறது. போகும் வழியில் எத்தனை கம்பியை அறுத்தது, சாய்வாகப் போனதா நேராகப் போனதா, அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கிக் கம்பியில் துரு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. வெளியிலிருந்தே திரி செருகுகிறவன் டயரின் உள்ளே பார்ப்பதே இல்லை. கம்பி அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்குவது வெப்பத்தினால்தான் விரைவுபடும். டிராக் தருவதோ அந்த வெப்பத்தைத்தான்.

வெப்பம் என்றால் எவ்வளவு என்று கேட்கலாம். 25 டிகிரி செல்சியசில் 33 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயரின் உட்காற்று 75 டிகிரியை எட்டினால், வாயு விதிப்படி அழுத்தம் ஏறத்தாழ 41 ஆகும். டிராக்கில் நாலைந்து சுற்று வேகமாக ஓட்டிவிட்டு வந்து அளந்தால் இப்படிப்பட்ட எண்கள் சாதாரணமாகக் கிடைக்கும். அதனால்தான் ஒவ்வொரு அமர்வும், அதாவது டிராக்கில் ஒரு தவணை ஓட்டமும், முடிந்து வந்தவுடன், சூடாக இருக்கும்போதே, மிகுதிக் காற்றை இறக்கி, நமக்கு வேண்டிய சூட்டு அழுத்தத்துக்குக் கொண்டுவருகிறோம்.

மெதுவான கசிவு ஒளிந்துகொள்வது இந்த இடத்தில்தான். பஞ்சர் உள்ள டயரும் சூட்டில் 37, 38 காட்டும். பார்க்கிறவனுக்கு அது தாழ்ந்த அழுத்தமாகவே தோன்றாது. மற்ற மூன்றிலும் கொஞ்சம் இறக்கிவிட்டு, இதில் மட்டும் இறக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அடுத்த அமர்வுக்குப் போய்விடுவான். காரின் டயர் அழுத்த எச்சரிக்கையையும் இங்கே நம்ப முடியாது. குளிர்ந்த நிலைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்திலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. 33 என்ற கணக்கில் பார்த்தால் 25-க்கு அருகே வரும்வரை அந்த விளக்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. சூட்டினால் ஏறிய 8 பி.எஸ்.ஐ.யும் சேர்ந்து அந்தக் கசிவைப் போர்த்தி வைத்திருக்கும். விளக்கு எரியும் நேரத்தில் ஓட்டுகிறவன் பெரும்பாலும் ஏதோ ஒரு வளைவின் நடுவே இருப்பான்.

காற்று குறைந்த டயர் தன் சூட்டைத் தானே கூட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் இறங்க இறங்கப் பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. ஒவ்வொரு மடிப்பும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தில் பக்கச்சுவரின் இழைகள் வலுவிழக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன், குறைந்த காற்றோடு நான் தெரியாமல் ஓட்டிவிட்ட ஒரு டயரை ரிம்மிலிருந்து கழற்றியபோது, உள்ளே ஒரு கைப்பிடி கருந்தூள் கொட்டியது. அழிரப்பரால் காகிதத்தைத் தேய்த்தால் உருளை உருளையாகத் திரளுமே, அதே உருவம், கறுப்பு நிறம். உட்புறப் பக்கச்சுவரில் ஒரு பட்டை முழுவதும் வட்டமாகத் தேய்ந்து, இழைகளின் தடம் தெரிந்தது. வெளியே பார்த்தால் அந்த டயர் புதிதுபோல் இருந்தது. அந்தத் தூளைப் பார்த்துவிட்டால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஓட்டை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த டயரை ஒட்டக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை டயர் கடைக்குப் போனேன். சக்கரத்தைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்து, உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். தூள் எதுவும் இல்லை. அந்த மட்டில் நிம்மதி. திருகாணியின் முனை லைனரைத் துளைத்து மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது சாய்வாக, பக்கச்சுவரை நோக்கிப் போயிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளி ஓரத்திலிருந்து அளந்தால் தலை 20 மில்லிமீட்டரில் இருந்தது. உள்ளே முனை அதைவிட ஓரமாக இருந்தது.

முறையான ஒட்டு என்றால், டயரைக் கழற்றி உள்ளே ஆராய்ந்து, ஓட்டையைச் சுத்தம் செய்து, காளான் வடிவத்தில் தண்டும் குடையும் ஒன்றாக அமைந்த அடைப்பை உள்ளிருந்து இழுத்துப் பொருத்துவதாகும். தண்டு ஓட்டையை நிரப்புகிறது, குடை லைனரை மூடுகிறது. பிரிட்டனின் பி.எஸ். ஏ.யு. 159 என்ற தரநிலை, கார் டயரில் இத்தகைய சிறு பழுதைப் பட்டன் அகலத்தின் நடு முக்கால் பகுதிக்குள் மட்டுமே அனுமதிக்கிறது. ஓட்டையின் விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்க டயர்த் துறையின் வழிகாட்டுதலும் பட்டன் பகுதி மட்டுமே, 6 மில்லிமீட்டர் வரை மட்டுமே என்கிறது. ஓரப் பகுதி ஓயாமல் வளைந்து கொடுக்கும் இடம் என்பதால் அங்கே எந்த ஒட்டும் நிலைப்பதில்லை. என் டயரின் பட்டன் அகலம் 200 மில்லிமீட்டர். ஓரத்தில் 25 மில்லிமீட்டர் விலக்கப்பட்ட பகுதி. என் திருகாணி அதற்குள் வசதியாக உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சார், ஊருக்குள் ஓட்டுவதற்கே இந்த இடத்தில் நான் ஒட்ட மாட்டேன். நீங்கள் வேறு டிராக் என்கிறீர்கள்” என்றார். வாதாட ஒன்றும் இல்லை.

சரி, திருகாணி நட்டநடுவில் குத்தி, முறையாகக் காளான் ஒட்டும் போட்டிருந்தால் டிராக்குக்குப் போகலாமா என்றால், அதற்கும் என் பதில் போகக் கூடாது என்பதே. பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள்: வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 வரை அந்த டயர் தாங்கும் என்று தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி அது. டயரைத் துளைத்து ஒட்டிய பிறகு அந்த வாக்குறுதி செல்லாது என்று சில தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். முறையாக ஒட்டிய டயரில் டிராக்கில் ஓட்டிப் பிரச்சினை இல்லாமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நடு ஒட்டு, மிதமான வேகம், அகலமான ஓரவெளி உள்ள டிராக் என்றால் அந்தக் கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்திருக்கிறது. நான் அந்தக் கணக்கில் சேர விரும்பவில்லை, அவ்வளவுதான். போவதற்கு முன் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் கேட்டுவிடுவதும் நல்லது. திரி போட்ட டயரைத் தொழில்நுட்பச் சோதனையிலேயே திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

இன்னொரு சபலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் போகவிருந்த டிராக் கடிகாரச் சுற்றில் ஓடுவது. வலப்பக்க வளைவுகளே அதிகம். அங்கே சுமையெல்லாம் இடப்பக்க டயர்களின்மேல்தான் விழும். 2020 ஆகஸ்ட் 2 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரி ஃபார்முலா 1 பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில் போட்டாஸ், சைன்ஸ், ஹாமில்டன் என்ற மூன்று ஓட்டுநர்களுக்கும் வெடித்தது இடது முன்டயர்தான். ஹாமில்டன் கடைசிச் சுற்றில் மூன்று டயரில் ஊர்ந்து வந்தே வென்றார். என் ஓட்டையோ வலது பின்சக்கரத்தில், சுமை குறைவான பக்கத்தில். அங்கே இருக்கட்டுமே என்று ஒரு மணி நேரம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். ஆனால் பின்டயர் போவது முன்டயர் போவதைவிடப் பொல்லாதது. முன்டயர் போனால் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்டயர் போனால் கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பார்க்கும். 1986-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபார்முலா 1 வீரர் நைஜல் மேன்சலின் இடது பின்டயர் வெடித்தது நேர்ப்பாதையில்; உலகப் பட்டத்தை இழந்தாலும், தீப்பொறி பறக்க ஆடிய காரைப் பிடித்து நிறுத்தி அவர் காயமின்றி இறங்கினார். அவர் மேன்சல். நான் வளைவின் நடுவே இருந்தால் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். ஒன்றும் செய்ய மாட்டேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கைதான் பார்ப்பேன்.

ஆக, வேறு டயர் வேண்டும். ஒன்று வாங்குவதா இரண்டா என்பது அடுத்த கேள்வி. எஞ்சிய பின்டயரில் பட்டன் ஆழம் 3.5 மில்லிமீட்டர், புதியதில் 7.5. ஆரத்தில் 4 மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் கணக்குப்படி சுற்றளவில் 25 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சக்கரம் மற்றதைவிட ஆறு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பான சாதாரண டிஃபரன்ஷியல் இதைப் பொறுத்துக்கொள்ளும். அந்த வேக வேறுபாட்டைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் நேர்ப்பாதையில்கூட ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் என்றால் நான்கையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கும். இதைவிட முக்கியமாக, ஒரே அச்சில் இடப்பக்கம் ஒரு பிடிமானமும் வலப்பக்கம் ஒரு பிடிமானமும் இருந்தால், கார் வலப்பக்க வளைவில் ஒரு விதமாகவும் இடப்பக்க வளைவில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். அதைப் பழகிக்கொள்வதற்குள் நாள் முடிந்துவிடும், அல்லது கார் முடிந்துவிடும். முன்பிருந்த அதே வகையில், அதே அளவில் இரண்டாக வாங்கிப் பின்னால் போட்டேன். நல்ல நிலையில் இருந்த இடது பின்டயரை எடுத்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் பழைய ரிம்களோடு நான்கு டயர்கள் கிடக்கின்றனவே, அவற்றை மாட்டலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. எட்டு வயது ஆகியிருந்தது. பட்டன் நிறைய இருந்தது. ஆனால் பட்டனின் அடியில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன, நகத்தால் அழுத்தினால் ரப்பர் பதியவே இல்லை. பஞ்சர் இல்லாத அந்தக் கிழட்டு டயரைவிட என் பஞ்சர் டயரே மேல் என்று சொல்லலாம், இரண்டையுமே ஒதுக்கினேன்.

பொருத்தும்போது நான் கண்ணை எடுக்காமல் பார்த்த விஷயங்கள் சில. டயரின் வெளிப்புறம் என்று எழுதிய பக்கம் வெளியே வந்திருக்கிறதா, வால்வைப் புதிதாக மாற்றினார்களா, பேலன்சிங் செய்தார்களா என்பவை எல்லாரும் பார்ப்பவைதாம். பலர் மறப்பது, டயரை ரிம்மில் ஏற்றுவதற்காகத் தடவும் வழுக்கும் பசை உலர நேரம் வேண்டும் என்பதை. அது உலர்வதற்கு முன் பலமாகப் பிரேக் பிடித்தாலோ முடுக்கினாலோ ரிம் ஒரு பக்கம் சுழல, டயர் அதன்மேல் வழுக்கி நகர்ந்து, பேலன்சிங் வீணாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க, டயரிலும் ரிம்மிலும் தொடர்ச்சியாக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டேன். கோடு உடைந்தால் டயர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். சக்கர நட்டுகளைக் காற்று இயந்திரத்தால் முறுக்கிவிட்டு விடாமல், கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நானே முறுக்கினேன். முதல் அமர்வுக்குப் பின், சக்கரம் ஆறிய பிறகு, மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன்.

வெள்ளியும் சனியும் மாலைகளில் மொத்தம் 150 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டினேன். வார்ப்பிலிருந்து வரும்போது டயரின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு தேய்ந்துபோக வேண்டும் என்பது ஒரு காரணம். புது வால்வும் புது விளிம்பும் காற்றைப் பிடித்து வைக்கின்றனவா என்று பார்ப்பது இன்னொரு காரணம்.

இரண்டாவது காரணம் உடனே பலன் தந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்குக்கு வந்து, காரை நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அளந்தபோது, புது இடது பின்டயர் சனிக்கிழமை இரவு இருந்ததைவிட 1.5 குறைந்திருந்தது. புது டயரில் பஞ்சரா என்று தலை சுற்றியது. வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தேன். ஒரு குமிழி உப்பி உடைந்தது, இன்னொன்று உப்பியது. வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் வால்வு பின் சரியாக இறுகவில்லை. சிறு வால்வுச் சாவியால் கால் சுற்று இறுக்கியதும் குமிழி நின்றது. உலோக மூடியை, அதன் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே போட்டேன். அந்தச் சாவியும் இரண்டு வால்வு பின்களும் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்; அன்று காலை அவை இல்லாமல் போயிருந்தால், எந்தக் குற்றமும் செய்யாத ஒரு டயரைக் கழற்றிக்கொண்டு நின்றிருப்பேன்.

டிராக்கில் புதுப் பின்டயர்கள் எப்படி இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு அமர்வுகளில் பின்பக்கம் மிதப்பதுபோல் இருந்தது. ஆழமான, உயரமான பட்டன்கள் பக்கவாட்டு விசையில் சாய்ந்து நெளிவதால் அப்படி. தேய்ந்த டயரே உலர்ந்த டிராக்கில் கச்சிதமாக நிற்கும். அந்த நெளிவினால் புது டயர் சீக்கிரம் சூடேறும், பட்டனின் ஓரங்கள் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொள்ளவும் கூடும். ஆகவே அமர்வுகளைப் பாதியாகக் குறைத்து, நான்கு சுற்று ஓட்டி, ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு உள்ளே வந்தேன். ஒவ்வொரு முறையும் நான்கு அழுத்தங்களையும், எவ்வளவு இறக்கினேன் என்பதையும், ஒரு தாளில் எழுதினேன். இறக்கியதைக் கழித்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து ஏறாமல் பின்தங்கினால் அது கசிகிறது; எழுதி வைக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அமர்வுகளுக்கு நடுவே கார்களை நிறுத்திப் பார்க்கும் பிட் பகுதியும் பஞ்சருக்குப் பேர்போன இடம். பல பேர் தங்கள் கார்களைப் பிரித்து மாட்டும் இடத்தில் நட்டும் ஆணியும் கம்பித் துண்டும் சிந்தத்தான் செய்யும். சூடான டயர் பிசுபிசுப்பாக இருப்பதால் தரையில் கிடப்பதையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே அடுத்த அமர்வுக்குப் போகும் முன் கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பது வழக்கம். ஓட்டும்போது கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ, பின்பக்கம் சேற்றில் போவதுபோல் தாமதமாகப் பதில் சொன்னாலோ, என்ன என்று ஆராய்ந்துகொண்டே அடுத்த வளைவுக்குள் போகக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக்கைப் பலமாக அழுத்தாமல், மற்றவர்கள் ஓட்டும் கோட்டைவிட்டு விலகி, சைகை காட்டி, டிராக்கோரம் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல் இருக்கும் இடத்தருகே ஒதுங்கிவிடுவதே சரி. உள்ளே வந்து சேர்ந்துவிடலாம் என்று காற்றில்லாத டயரில் விரைந்தால், கிழிந்த ரப்பர் மட்கார்டையும் பிரேக் குழாயையும் சேர்த்து அடித்துப் பிய்த்துவிடும்.

டப்பாவில் வரும் பஞ்சர் நுரைத் திரவத்தைப் பற்றி ஒரு வரி: அதை டிராக்கில் ஓட்டப்போகும் டயருக்குள் விடவே கூடாது. உள்ளே பத்து கிராம் ஒரு பக்கமாகத் தேங்கினாலும், மேலே சொன்ன ஆயிரம் மடங்குக் கணக்கில் அது 200 கிலோமீட்டர் வேகத்தில் பத்து கிலோவாகச் சக்கரத்தை உதறும்.

மூன்றாவது அமர்வு முடிந்து நான் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நிறுத்தியிருந்த இளைஞர் தன் இடது முன்டயரைத் தடவிக்கொண்டிருந்தார். நடுப் பள்ளத்தில் ஒரு சிறு ஆணி. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் நுரைத்தது. “அண்ணா, உங்களிடம் திரி இருக்கிறதா? போட்டுக்கொண்டு கடைசி அமர்வை மட்டும் முடித்துவிடுகிறேனே” என்றார். டிக்கியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைக் குடைந்து திரியைச் செருகினேன். 33 வரை காற்று நிரப்பி, நுரை வரவில்லை என்று இருவரும் பார்த்துக்கொண்ட பிறகு, இது வீட்டுக்குப் போவதற்கு, அதுவும் 80-க்கு மேல் போகாமல், நாளைக்குக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள் என்றேன். என் தாளை வாங்கி, ஆயிரம் மடங்குக் கணக்கை அவரும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுத்துப் பின் இருக்கையில் போட்டுவிட்டு, கடைசி அமர்வை வேலியோரம் நின்று பார்த்தார்.